தீனிக்கட்டி

திருவிழாக் கொடி இறங்கிய மறுவாரம் விண்ணரசிப் படகை மணலுக்கு ஏற்றிவிடுவது மூக்கன்திட்டின் வழக்கம். தேர்வடம் பிடித்த கை ஆறுவதற்குள் படகுவடம் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று பெண்கள் கேலி பேச, ஆண்கள் ஏலேலோ போட, தொழுவை விட்டு வர மனசில்லாத மாடு மாதிரி அவள் இழுபட்டு வந்து மணலில் ஒருச்சாய்ந்து நின்றதும் கூட்டம் கலைந்துபோகும். அதற்கப்புறம் உள்ள பாடெல்லாம் படகோட்டி இன்னாசி ஒருத்தனுக்கு.

மூக்கன்திட்டு, கரையிலிருந்து எப்போதோ பிய்ந்துபோன மணல் துண்டு. கோயிலும் கிணறும் ஒரு பள்ளிக்கூடமும் இங்கே, ஆஸ்பத்திரியும் சந்தையும் அக்கரையில், நடுவிலே ஆளை இழுத்துப்போகிற நீரோட்டம். விண்ணரசி ஊருக்குப் பொதுவான படகு. யாரோ பணக்காரன் விளையாட்டுக்கு ஓட்டித் தேய்த்துப் போட்ட பழைய பைபர் படகு அது. இஞ்சின் அதன் வயிற்றுக்குள்ளே கிடக்கும், இஞ்சினின் கால் மட்டும் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே தண்ணீரில் தொங்கும். உள்ளே படுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே காலை நீட்டியிருக்கிற கிழவனைப் போல அது இருக்கும், கிழவனுக்குச் செய்கிற பணிவிடை அத்தனையும் அதற்கும் செய்யவேண்டும். நல்ல தண்ணீர் விட்டு இஞ்சினுக்குள் ஏறிய உப்பைக் கழுவவேண்டும், காலில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டவேண்டும், அடித்திருகைக் கழற்றிப் பழைய ஆயிலை வடித்து, பாலாகத் திரிந்திருக்கிறதா என்று இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்க்கவேண்டும், காலும் வயிறும் சேருகிற இடத்து ரப்பர்த் துருத்தியை மடிப்பு மடிப்பாக விரித்து வெடிப்புத் தேடவேண்டும், தண்ணீர் இழுக்கிற பம்பின் ரப்பர் இதழ்களை மாற்றவேண்டும், எல்லாம் முடிந்து கடைசியாகத் தீனிக்கட்டி.

துத்தநாகத்தில் வார்த்த, உள்ளங்கை அகலக் கட்டி அது. உப்புத்தண்ணீர் எந்த உலோகத்தையும் தின்னும், ஆனால் பக்கத்தில் துத்தநாகம் இருந்தால் முதலில் அதைத்தான் தின்னும், அது தீருகிற வரைக்கும் மற்றதைத் தொடாது. அதனால் காலோடு ஒரு கட்டியைத் திருகி வைப்பார்கள். வருஷ முடிவில் அது கறையான் அரித்த கட்டை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டவேண்டும். தீனிக்கட்டி என்று அதற்குப் பேர் வைத்தது இன்னாசிதான்.

அந்த வருஷமும் புதுக்கட்டி மாட்டிவிட்டு ஆயில் எடுக்க வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது விண்ணரசி நீலமாக நின்றாள்.

கோயிலில் மாதா சொரூபத்தின் மேலாடைக்குத் திருவிழாவுக்குத் திருவிழா நீலம் பூசுவார்கள். மிஞ்சிய பெயிண்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கீழே கொட்டவும் கூடாது, கடலுக்குப் போகிற எதிலாவது பூசித்தான் தீர்க்கவேண்டும். எப்போதும் மிஞ்சுவது ஒரு சிரட்டை, அது வள்ளங்களின் முகப்பில் ஒரு பொட்டு வைக்கக் காணும். அந்தத் தடவை வெளிநாட்டிலிருந்து யாரோ நேர்ச்சையாக ஒரு டிரம் பெயிண்டே அனுப்பியிருந்தார்கள். கூடிப் பேசி, விண்ணரசிக்கே மேலாடை போர்த்துவது என்று முடிவுசெய்து, முகப்பிலிருந்து பின்பலகை வரைக்கும், பின்பலகையிலிருந்து கால் வரைக்கும் பூசிக்கொண்டே போய்விட்டார்கள். ஊர்த்தலைவர் கஸ்பார் குந்தி உட்கார்ந்து தீனிக்கட்டிக்குத் தம் கையாலேயே இரண்டு பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார், கைப்பிள்ளைக்கு மை இடுகிறவர் மாதிரி அத்தனை பக்குவமாக.

பெயிண்ட் பூசினால் கடலுக்கு அதில் வாய் வைக்க முடியாது என்பது இன்னாசிக்குத் தெரியும். மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தான். குனிந்தவனின் முதுகைத் தொட்டாள் மகள் கித்தேரி, காப்பித் தூக்கோடு வந்திருந்தாள், கல்யாணமாகிப் பல வருஷமாய் வயிறு திறக்காதவள், புருஷன் கப்பலில் போய்க் கப்பலில் வருகிறவன், தாயும் இல்லாத பிள்ளை. அப்பனின் காதோரம் குனிந்து, நாள் தள்ளிப் போயிருக்கிறது, நர்சம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார்கள் என்றாள். மாதா காலடியில் அவள் எத்தனை திருவிழா முழங்காலிட்டாள் என்பது ஊருக்கே தெரியும். அந்த மாதாவின் ஆடை நிறத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க அந்த நிமிஷத்தில் இன்னாசிக்குக் கை வரவில்லை. துணியை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டான்.

விண்ணரசி மறுபடி தண்ணீரில் இறங்கியபின் முதலில் போனது இஞ்சின் சாவி. இன்னாசியின் இடுப்புக்கயிற்றிலேயே வெல்லக்கட்டி மாதிரி கரைந்து, வளையம் மட்டும் அன்று சாயங்காலம் வரை இருந்து அதுவும் போயிற்று. பிறகு நங்கூரம், பிறகு கிணற்று ராட்டு, அப்புறம் கோயில் மணியின் நாக்கு. திட்டில் இருக்கிற இரும்பெல்லாம் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் விண்ணரசியில் ஏறி வந்ததுதான், அவளுக்கு வைக்கவேண்டிய தீனியை வைக்காததால் கடல் அவள் சுமந்ததையெல்லாம் ஒவ்வொன்றாய்த் தேடி வருகிறது என்று இன்னாசி சொன்னபோது, அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கட்டியைச் சுரண்டிவிடலாமா என்று அவன் கேட்டான். மாதாவின் மேலாடையை உரிக்கவா என்றார் கஸ்பார். அதோடு அந்தக் கூட்டம் முடிந்தது.

ஊர் என்ன செய்யும், பழகிக்கொண்டது. ராட்டுக்குப் பூவரசங்கட்டையைக் கடைந்து மாட்டினார்கள், வாளி பிளாஸ்டிக்காயிற்று, கதவுகளை நைலான் கயிற்றால் கட்டினார்கள், கோயில் மணியை மர உலக்கையால் இடித்தார்கள். அரிவாள்மணை இல்லாத வீட்டில் மீன் எப்படி அரிவது என்று முதலில் திகைத்த பெண்கள், சிப்பி ஓட்டைத் தீட்டி அதிலே செதில் உரிக்கப் பழகி, இரும்பில் அரிந்ததைவிடக் குழம்பு ருசி என்று கண்டுபிடித்தார்கள். பூட்டில்லாத ஊரென்று திருடன் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கவலைப்பட, அவன் கன்னக்கோலும் கரைந்து மொட்டைக்கையாய் நிற்பான் பாவம், நாமே கஞ்சி ஊற்றி அனுப்பவேண்டியதுதான் என்றார் கஸ்பார், கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மணலில் வரிசையாய்க் கிடந்த வள்ளங்கள் அத்தனையும், ஆணிகள் போனதால் பலகை பலகையாய் விரிந்து, பூத்து முடிந்த பூவைப் போல மல்லாந்து கிடந்தன. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆணியில்லாத, இரும்பில்லாத உடம்போடு தண்ணீரில் மிதந்தவள் விண்ணரசி ஒருத்திதான், இனிமேல் அக்கரைக்குப் போகவும் அவள்தான், மீனுக்குப் போகவும் அவள்தான்.

ஆனால் அவளுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. இஞ்சின் மூடியைத் திறந்தால் நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து வந்தது போல உள்ளே மினுமினுத்தது, ஒரு பொட்டுத் துரு கிடையாது, வடித்த ஆயில் தேன் மாதிரி தெளிவாக இறங்கியது, துருத்தி ரப்பர் பச்சைப்பிள்ளையின் காதுமடல் போல வளைந்துகொடுத்தது. இத்தனை வருஷம் இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் ஓடின இஞ்சின், சாவிக்குப் பதில் வைத்த சுவிட்சைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. நன்றாய்ச் சாப்பிடுகிற வீட்டு ஆளைப் பார்த்தால் தெரியுமே, அப்படி இருந்தாள்.

இரும்பு தீர்ந்தபின் கடல் ஆட்களிடம் வந்தது. படகில் ஏறி இறங்குகிறவர்கள் கரைக்கு வந்ததும் கொஞ்சம் உட்கார்ந்து போனார்கள், அப்புறம் கொஞ்ச நேரம் படுத்துப் போனார்கள். உதடு வெளுத்தது, நகம் வெளுத்தது. வாரம் ஒருநாள் அக்கரையிலிருந்து வருகிற நர்சம்மா ஒவ்வொருவர் கண்ணிமையையும் இழுத்துப் பார்த்து, ஊரில் யார் ரத்தத்திலும் இரும்பே இல்லையே, என்னதான் தின்கிறீர்கள் என்று சத்து மாத்திரையை அள்ளி அள்ளிக் கொடுத்தாள். கடைசியில் அவளுக்கே தலை சுற்றி, பிறகு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அதற்கும் ஊர் பழகியது. வெயிலில் கருத்த முகமெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்துப் போனதால் பெண்பிள்ளைகள் பவுடர் வாங்குவதை விட்டார்கள், அக்கரைத் தரகர்கள் வந்து மூக்கன்திட்டுப் பெண்ணென்றால் நிறத்துக்குக் கேள்வியே கிடையாது என்று சம்பந்தம் பேசிவிட்டு, போகும்போது கரையில் ஒரு பாடு படுத்து எழுந்து போனார்கள். பேச்சு மெதுவாயிற்று, சண்டை குறைந்தது. ஊர் சாந்தமாகிவிட்டது என்று கோயிலில் சாமியார் நன்றிப் பூசை வைத்தார்.

கித்தேரியின் வயிறு மட்டும் வளர்ந்துகொண்டே போனது, மற்றதெல்லாம் வற்றிக்கொண்டே வந்தது. மாதாமாதம் அக்கரை ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகவேண்டும். ஒவ்வொரு தடவை போகும்போதும் டாக்டரம்மா ரத்தம் குறைந்திருக்கிறது என்றாள், திரும்பி வந்து இறங்கும்போது இன்னும் குறைந்திருக்கும் என்பது இன்னாசிக்கு அவள் விரல் நுனியைப் பார்த்தாலே தெரிந்தது. இங்கேயே தங்கிவிடு என்று டாக்டரம்மா சொன்னதற்கு, அப்பாவுக்குச் சோறு பொங்க ஆளில்லை என்று அவள் சிரித்து வைத்தாள். பிரசவத்தில் சாதாரணமாய்ப் போகிற ரத்தம் போனாலே இந்தப் பிள்ளை தாங்காது என்று டாக்டரம்மா இன்னாசியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் மகள் இல்லை. போகவேண்டுமானால் விண்ணரசியில்தான் போகவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே பூசையில் இருக்கும்போது அவன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சிப்பி ஓட்டால் தீனிக்கட்டியைச் சுரண்டினான். ஒவ்வொரு சுரண்டலுக்கும் ஒரு மன்னிப்புக் கேட்டான். நீலம் செதில் செதிலாய்ப் போய் அடியிலிருந்து கட்டி வெள்ளையாய், மாட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே வெளியே வந்தது. தின்னு, எம்மா, இதைத் தின்னு என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். வாரங்கள் கழித்துத் தடவிப் பார்த்தான். ஊசிக்குத்து அளவுக்குக்கூட ஒரு பள்ளம் விழவில்லை. கடல் வேறு ருசி கண்டுவிட்டது.

கித்தேரிக்கு வலி கண்டது நல்ல பகலில். நாலு பெண்கள் அவளைப் பாயோடு தூக்கி வந்து படகின் நடுவில் கிடத்தினார்கள். இன்னாசி சுக்கானைப் பிடிக்கவில்லை, கஸ்பாரைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லிவிட்டு, பின்பலகையில் குப்புறப் படுத்து, வலது கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டு, தீனிக்கட்டியை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டான். வலிக்கவில்லை. பால்குடி மறக்காத பிள்ளை விரலைச் சப்புவது போல ஏதோ ஒன்று மெத்தென்று இழுத்தது, இழுக்க இழுக்க அவனுக்குத் தூக்கம் தூக்கமாய் வந்தது. நீரோட்டத்தைத் தாண்டும்போது பெண்களில் ஒருத்தி, ஏளா கித்தேரி, ஒன் கன்னம் செவந்துட்டு என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. அக்கரையில் அவனையும் பாயோடுதான் இறக்கினார்கள். மகளுக்குப் பெண்குழந்தை பிறந்து அது அழுத சத்தம் அவன் ரத்தம் ஏற்றிக்கொண்டு கிடந்த கட்டில் வரைக்கும் கேட்டது.

அவன் திட்டுக்குத் திரும்பிய அன்றைக்கே ஊர் கூடிவிட்டது. ஒருத்தன் பின்னால் கை கொடுத்தால் மற்றவர்கள் தப்பலாம் என்பதைக் கஸ்பார் தம் கண்ணால் பார்த்திருந்தார். பயணத்துக்கு ஒரு ஆள் என்று முறை வைத்துக்கொள்வோம் என்றார். ஆரம்பத்தில் அது பெருமையாக இருந்தது. பின்னால் உட்காருகிறவனுக்கு மாலை போட்டார்கள், இறங்கியதும் பனங்கருப்பட்டியும் ஈரலும் கொடுத்தார்கள். கல்யாணப் பேச்சில், எங்கள் பையன் இத்தனை தடவை பின்னால் இருந்தவனாக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். முறை இரண்டாம் சுற்று வந்தபோது முதுகுவலிக்காரர்கள் கூடினார்கள். அப்புறம், பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர் கொஞ்சம் கூடுதலாய் உட்காரலாமே என்று பேச்சு வந்தது, நியாயம்தானே என்று பலர் சொன்னார்கள். தனிக்கட்டைகளும் எழுந்து நடக்க முடியாமல் ஆனபிறகு, ஒரு நாள் சேலை வியாபாரி ஒருவர் விவரம் தெரியாமல் தானாகவே பின்னால் போய் உட்கார்ந்து, தண்ணீரில் கையை அளைந்தபடி வந்தார். யாரும் தடுக்கவில்லை. திட்டில் இறங்கியபோது அவருக்கு மூட்டையைத் தூக்க முடியவில்லை, ஊரே சேர்ந்து தூக்கிக்கொடுத்தது, இல்லாத பாசமெல்லாம் அன்றைக்கு அவர்மேல் பொழிந்தது.

அதற்குப் பிறகு பின்பலகையில் ஒரு மெத்தை வந்தது. மெத்தைக்குமேல் வெயில் படாமல் ஒரு பந்தல் வந்தது. மீட்டர் பார்க்க வந்தவர், கணக்கெடுக்க வந்தவர், வேண்டுதலுக்கு வந்தவர், யாராக இருந்தாலும் விருந்தாளிக்கு அந்த இடம்தான். யாரும் சாகவில்லை. ஒரு தடவை வந்தவர்கள் மறுதடவை வரவில்லை, அவ்வளவுதான். ஊரார் முகத்தில் மெல்ல மெல்லக் கருப்பு திரும்பியது, சண்டையும் சத்தமும் திரும்பின.

இன்னாசி சுக்கானில் நின்று ஓட்டினான். மகளும் பேத்தியும் அக்கரையில் உறவுக்காரி வீட்டில் இருந்ததால் அவன் எதையும் பார்க்காதது மாதிரி ஓட்டினான்.

ஞானஸ்நானத்துக்காக அவர்களைத் திட்டுக்குக் கூட்டிவரும் நாள் வந்தது. அக்கரைத் துறையில் கித்தேரி பிள்ளையைத் துணியில் சுற்றி மாரோடு அணைத்துக்கொண்டு ஏறினாள், பிள்ளையின் உதடு மாதுளம்பூ மாதிரி இருந்தது. கஸ்பார் முன்னாலே இருந்தார், இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து வெளியாள் யாரும் வரவில்லை. பின்மெத்தை காலியாகக் கிடந்தது, ஆளாளுக்கு அதைப் பார்ப்பதும் கடலைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

இன்னாசி சுக்கானை விட்டு நகர்ந்தான். “அண்ணே, நீங்க ஓட்டுங்க. நான் போறேன்.”

கஸ்பார் அவன் கையைப் பிடித்து நகத்தைத் திருப்பிப் பார்த்தார், அது இன்னும் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. “ஒங்கிட்ட என்ன இருக்குன்னு போற? நடுவழியில நீ தீந்துட்டா அடுத்தாப்ல அது எங்க வரும்னு யோசிச்சியா?” என்று பிள்ளையைக் கண்ணால் காட்டினார். குரலில் கோபம் இல்லை.

அப்போதுதான் ஒரு பெட்டியையும் தோள்பையையும் தூக்கிக்கொண்டு துறைப் படியில் ஓடி வந்தாள் ஒரு பெண். இருபத்துச் சொச்சம் வயசிருக்கும், வெயிலில் முகம் நன்றாய்ச் சிவந்திருந்தது. திட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த புது டீச்சராம், பேர் வெண்மதியாம், படகை விட்டுவிடுவோமோ என்று பயந்தே போனாளாம். கஸ்பார் எழுந்து பெட்டியை வாங்கி வைத்தார். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். உட்கார எங்கே இடம் என்று அவள் பார்த்தாள். பின்னால் மெத்தையும் பந்தலும் இருந்தன.

“அங்கே உக்காரலாமா? யாராவது பெரியவங்களுக்கு வச்சிருக்கீங்களா?”

இன்னாசி வாயைத் திறந்தான். திறந்தவன் மகளைப் பார்த்தான். கித்தேரியும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அக்கரையிலே பேசாத வாய் இல்லை. பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, டீச்சர் பக்கமாய்த் திரும்பி, ஊரில் புதுசாய் வருகிறவர்களிடம் எல்லாரும் பேசுகிற அந்தக் கனிந்த குரலில் பேசினாள்.

“உக்காருங்க டீச்சர், ஒங்களுக்குத்தான். கைய அப்படியே தண்ணியில விட்டுக்கோங்க. குளுகுளுன்னு இருக்கும்.”

டீச்சர் வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டு கையைத் தண்ணீருக்குள் விட்டாள். அட, ஆமா என்று சிரித்தாள். சின்னப் பிள்ளைகள் விரலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறதே என்றாள். இனி எப்போது வந்தாலும் இதே இடம் எனக்கா என்று கேட்டதற்கு, படகில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் ஆமாம் என்று தலையசைத்தார்கள்.

இன்னாசி சுவிட்சைத் தொட்டான். தொட்டதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

துறை பின்னால் போனது, தண்ணீரின் நிறம் மாறியது. பிள்ளை சிணுங்கியபோது பின்னாலிருந்து டீச்சர் அதற்காக ஒரு தாலாட்டுப் பாட ஆரம்பித்தாள், நல்ல குரல், ஊரில் இல்லாத மெட்டு. பிள்ளை அழுகையை நிறுத்திக் கேட்டது, கித்தேரி அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், கஸ்பார் மெட்டுக்குத் தொடையில் தாளம் போட்டார். நீரோட்டத்துக்குள் நுழையும்போது பாட்டு கொஞ்சம் தாழ்ந்தது. தாண்டியபோது பாட்டு இல்லை.

முதல் நாள் இல்லையா, அலுப்பில் அசந்துவிட்டது போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

இன்னாசி திரும்பிப் பார்க்கவில்லை. திட்டின் கரை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புது டீச்சரை வரவேற்கப் பூவோடு வரிசையாய் நின்றுகொண்டிருந்தார்கள்.